விளையாட்டிலிருந்து கோட்பாட்டுக்கு: மாலை வகுப்பில் குழுவாகக் கற்பிக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு மாடிக் கூடத்தில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் முப்பது பிள்ளைகளுக்கு நானும் இரண்டு நண்பர்களும் மூன்று ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். பாடநூலில் உள்ள கோட்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, பிள்ளைகள் குழுவாக ஒன்றைச் செய்து பார்த்து, செய்ததைப் பற்றிப் பேசி, அந்தப் பேச்சிலிருந்தே கோட்பாட்டைக் கண்டடைய வேண்டும் என்று விரும்பித்தான் தொடங்கினோம். முதல் ஆறு மாதங்களில் பணமும் நேரமும் வீணானதுதான் மிச்சம். நியூட்டனின் மூன்றாம் விதிக்காக நூல் கட்டிப் பலூன் ஓடவிட்டோம், கூடமே அதிர்ந்தது. ஒரு வாரம் கழித்து அதே விதியைப் பற்றி ஒரு கேள்வி கொடுத்தபோது, ஒரு மாணவி, "பலூன் நேராகப் போனது, மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் அதுகூட எழுதவில்லை.

இதே முயற்சியில் இறங்க நினைக்கும் இளம் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் அந்த ஆறு மாதங்களைத் திரும்பவும் செலவழிக்க வேண்டியதில்லை என்பதற்காக, நாங்கள் இப்போது செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன். விளையாட்டு பாடம் அல்ல, விளையாட்டுக்குப் பின் நடக்கும் பேச்சுதான் பாடம் என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பேச்சுக்கு இடம் ஒதுக்குவதற்காகத்தான்.

1. ஒரு மாலைக்கு ஒரு கருத்து

எல்லாப் பாடமும் இந்த முறைக்கு ஏற்றதல்ல. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, "இதை அறியாத ஒருவர் எந்த இடத்தில் தவறு செய்வார்?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை உடனே கிடைத்தால் அந்தக் கருத்தைச் செய்து பார்க்க வைக்க முடியும். கடல், ஏரி போல எல்லாருக்கும் பொதுவான பொதுவளம் என்றால் அளவுக்கு மேல் எடுத்துவிடுவார். மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் தன் தெருக்காரர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊர் முழுவதற்கும் முடிவு சொல்லிவிடுவார். வேலைப் பகிர்வு என்றால் எல்லாவற்றையும் தானே செய்யப் போய் மாட்டிக்கொள்வார். தேவையும் அளிப்பும், நிலைமம், உந்தம், நிகழ்தகவு, நோய் பரவும் வேகம் ஆகியவையும் இந்த வகையில் சேரும்.

விடை கிடைக்காத பாடங்களும் உண்டு. கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் முறை, ஆண்டுகளின் பட்டியல், சட்டப் பிரிவுகளின் எண்கள் ஆகியவற்றைக் கரும்பலகையிலேயே நடத்துங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவற்றையும் விளையாட்டாக்கப் போய், பிள்ளைகள் விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொண்டு பாடத்தைத் தவறவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கருத்தைத் தேர்ந்தெடுத்ததும், வகுப்பின் முடிவில் பிள்ளைகள் தங்கள் சொற்களில் எழுத வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை நீங்கள் முன்கூட்டியே எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதை யாருக்கும் காட்டாதீர்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

2. இடமும் அனுமதியும் தாள்களும்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் சோர்ந்து போகிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தெரு நலச்சங்கக் கட்டடம், கோயில் அல்லது தேவாலயத்தைச் சேர்ந்த கூடம், நண்பர் வீட்டு மாடி, பள்ளி வகுப்பறை ஆகிய நான்கில் ஒன்றுதான் வடசென்னையில் பொதுவாகக் கிடைக்கும். எங்கே நடத்தினாலும் எழுத்து மூலமான அனுமதியைப் பெறுங்கள். "தாராளமா நடத்துங்க, யார் கேக்கப் போறாங்க" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒரு கூடத்துக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். அன்று மாலை அங்கே சீமந்தம். வாழையிலைக்கு நடுவே கோட்பாடு நடத்த முடியாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வீட்டார் அன்போடு கொடுத்த வளையல்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

விண்ணப்பக் கடிதத்தில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு, உடனிருக்கும் பெரியவர்களின் பெயர்கள், பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" என்று கையொப்பமோ முத்திரையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குள் நடத்துவதாக இருந்தால், அது மாநகராட்சிப் பள்ளியா, பள்ளிக்கல்வித் துறையின் அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளிகள் ரிப்பன் மாளிகையைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை மாநகராட்சியின் கல்வித் துறைக்கு உட்பட்டவை; அரசுப் பள்ளிகள் முதன்மைக் கல்வி அலுவலருக்கு உட்பட்டவை; உதவி பெறும் பள்ளியில் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்த கடிதம் தானாக நடந்து சரியான அலுவலகத்துக்குப் போகாது. நான் அப்படி ஒருமுறை கொடுத்துவிட்டு மூன்று வாரங்கள் காத்திருந்தேன். தலைமையாசிரியர் முகமலர்ந்து சம்மதித்தாலும், வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் வகுப்பெடுப்பதற்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மேலதிகாரியின் கடிதம் கையில் இல்லாமல் அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதும் நமக்கு அழகல்ல. கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல் படிவம். அதைத் தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பிள்ளையின் பெயர், பெற்றோர் எண் இரண்டு, வீட்டுக்குத் தனியாகப் போகலாமா அல்லது யாராவது வந்து அழைத்துப் போவார்களா, உடல்நலம் குறித்துச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா ஆகியவை போதும். படம் எடுப்பதற்கான ஒப்புதலைத் தனி வரியாக, தனிக் கையொப்பத்தோடு வையுங்கள். வகுப்புக்குச் சம்மதிக்கும் பெற்றோர் அனைவரும் படத்துக்குச் சம்மதிப்பதில்லை, சம்மதிக்க வேண்டியதும் இல்லை. பெற்றோரில் சிலர் விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். ஆகவே கையொப்பம் வாங்க மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

உடன் பணியாற்றும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். தெரிந்தவர்தானே என்று அதைத் தவிர்க்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னார்வலர்கள் அனைவரும் ஒருமுறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் முதல் விதி. குழந்தைகள் உதவி எண் 1098, சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

3. பொருளும் செலவும்

தொடக்கத்தில் இணையத்தில் கல்விப் பெட்டி ஒன்றை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வண்ணக் கட்டைகளும் அட்டைகளும் நிறைந்த அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் வேண்டியவை மிகச் சில: புளியங்கொட்டை, தட்டு, சார்ட் தாள், மார்க்கர், ஒரு பதிவேடு, ஒரு விசில்.

தாள்களை மொத்தமாக வாங்குவதென்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். உங்கள் தெருமுனைக் கடையை விட விலை குறையும், ஆனால் பத்துத் தாளுக்காக அங்கே போய்வருவது பேருந்துக் கட்டணத்துக்கே கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஒரு மாலைக்கு ஆகும் செலவு இதுதான்: சார்ட் தாள் பன்னிரண்டு 120 ரூபாய், மார்க்கர் ஆறு 150 ரூபாய், ஜெராக்ஸ் 120 ரூபாய், பிள்ளைகளுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் 300 ரூபாய். மொத்தம் 690 ரூபாய். மார்க்கர் நான்கைந்து வகுப்புகளுக்கு வரும் என்பதால் இரண்டாவது மாலையிலிருந்து செலவு இன்னும் குறையும். தட்டுகளைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், ஆனால் அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு எவர்சில்வர் தட்டு மாறிப்போனதால் இரண்டு அம்மாக்களுக்கு நடுவே நான் நின்ற மாலையை இன்னும் மறக்கவில்லை.

தேநீரை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டாதீர்கள். நான்கரை மணிக்குப் பள்ளி முடிந்து நேரே வரும் பிள்ளை பசியோடு எதையும் சிந்திக்காது.

4. நாள் பார்த்தல்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பொதுத்தேர்வு; அப்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பாதிப் பிள்ளைகள் வர முடியாது, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அதைவிடக் கடினம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இருக்கும் தெருவில் குழுப்பேச்சு நடத்த முயல வேண்டாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பாகவே முடித்துவிடுங்கள். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரையும், ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகும்தான் நல்ல காலம். ஜூன் பாதி என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஏழாம் படியில் பார்ப்பீர்கள்.

ஒரு வகுப்புக்குத் தொண்ணூறு நிமிடங்கள் வேண்டும்: விதிகளைச் சொல்ல 10, செய்து பார்க்க 30, பேச 35, எழுத 15. பள்ளிப் பாடவேளை போன்ற நாற்பது நிமிடங்கள்தான் கிடைக்கும் என்றால் இரண்டு நாள்களாகப் பிரியுங்கள், ஆனால் விளையாட்டின் கணக்குத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து மறுநாள் அவற்றை முன்னால் பரப்பிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நேரம் போதாதபோது நம் கை தானாகப் பேச்சைத்தான் குறைக்கும். குறைப்பதென்றால் விளையாட்டைக் குறையுங்கள்.

5. குழு பிரித்தல்

"நீங்களே பிரிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து, தெருவுக்குத் தெரு போட்டியாகிவிடும். கருத்து பின்னால் போய், ஏரியா முன்னால் வந்துவிடும். வரிசையாக நிற்கவைத்து ஒன்று முதல் ஐந்து வரை எண்ணச் சொல்லி, ஒரே எண் வந்தவர்களை ஒரு குழுவாக்குங்கள். முப்பது பேர் என்றால் ஆறு பேர் கொண்ட ஐந்து குழுக்கள். ஐந்து பேர் ஆட, ஆறாமவர் கணக்குப்பிள்ளை. அடுத்த படியில் வரும் புளியங்கொட்டை ஆட்டம் என்றால், எடுத்தது, மிஞ்சியது எல்லாவற்றையும் எழுதுவது அவர் வேலை.

கையெழுத்து அழகாக இருக்கும் பெண்ணையே ஒவ்வொரு முறையும் கணக்குப்பிள்ளையாக்கிவிடுவது நாங்கள் செய்த தவறு. அவள் ஒருமுறைகூட ஆடாமலே ஒரு பருவம் முடிந்துவிட்டது. கடைசியில் அவளே வந்து, "மிஸ், எனக்கும் கொட்டை எடுக்கணும்" என்றாள். சுழற்சி முறையில் மாற்றுங்கள், யார் எப்போது என்பதைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு இந்தப் பொறுப்பை முதல் மாதத்திலேயே கொடுங்கள். ஆட்டத்தை வெளியிலிருந்து முழுமையாகப் பார்த்தவர் அவர் ஒருவரே என்பதால், பேச்சு தொடங்கும்போது எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள்.

6. ஒரு வகுப்பு முழுமையாக: மீன் ஆட்டம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் வரும் சுற்றுச்சூழல் பொருளியலுக்குத் துணையாக இந்த ஆட்டத்தை நாங்கள் நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் இதைச் சுலபமாக ஆடுவார்கள். பொதுவளத்தை ஒவ்வொருவரும் தன் லாபம் பார்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கருத்து. "பொதுவளம்" என்ற சொல்லைத் தொடக்கத்தில் உச்சரிக்கக் கூடாது.

குழுவுக்கு ஒரு தட்டு, அதில் 30 புளியங்கொட்டைகள். தட்டு கடல், கொட்டை மீன். ஒவ்வொரு சுற்றிலும் ஐவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சாட் பூட் த்ரீ" என்றதும் எத்தனை மீன் வேண்டும் என்பதை விரல்களால் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். கணக்குப்பிள்ளை அவரவர் கேட்டதை எழுதிக்கொண்டு அத்தனை கொட்டைகளைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். மிஞ்சியது இருமடங்காகும், ஆனால் 30-ஐத் தாண்டாது. ஐவரும் கேட்டதன் கூட்டுத்தொகை தட்டில் இருப்பதைவிடக் கூடுதல் என்றால், இருப்பதைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அந்தக் கடலை மூடிவிட வேண்டும். முதல் ஆட்டத்தில் பேசக் கூடாது. எத்தனை சுற்று என்பதைச் சொல்லக் கூடாது. மனத்துக்குள் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று எது என்று தெரிந்துவிட்டால் அந்தச் சுற்றில் எல்லாரும் வழித்து எடுத்துவிடுவார்கள்.

முதன்முறை நடத்தியபோது விரல் காட்டும் முறை இல்லை; தட்டில் கைவிட்டு எடுக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கு நகக்கீறல், ஒரு தட்டு நெளிசல். அதோடு, எடுத்த கொட்டைகளைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டதால் மீன் பெருகும்போது போடக் கொட்டை இல்லை. எடுத்ததை எழுதிக்கொண்டு கொட்டையைக் கணக்குப்பிள்ளையின் டப்பாவுக்கே திருப்பிவிட்டால், குழுவுக்கு 35 கொட்டைகள் போதும்.

சென்ற ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழுவில் முதல் சுற்றிலேயே 6, 7, 5, 8, 6 என்று காட்டினார்கள், கூட்டினால் 32. ஆளுக்கு ஆறு மீனோடு கடல் மூடியது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த குழுவில் முதல் சுற்றில் 22 போயிற்று. மிஞ்சிய எட்டு பதினாறானது. இரண்டாம் சுற்றில் 21 கேட்டு அதுவும் மூடியது. மூன்றாவது குழு 2, 3, 3, 2, 4 என்று தொடங்கி ஐந்து சுற்றுகள் தாக்குப்பிடித்தது. பக்கத்துக் குழுவில் கூச்சல் கேட்டதும் இந்த மூன்றாவது குழுவில் இருந்த ஒரு பையன் பயந்துபோய்ப் பத்து விரலையும் விரித்தான். அடுத்த சுற்றில் மற்ற நால்வரும் விரித்தார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில், தொடங்குமுன் மூன்று நிமிடம் பேச அனுமதியுங்கள். பேனா கேட்பார்கள், கொடுங்கள். சுற்றுக்கு 15 எடுத்தால் மிஞ்சும் 15 மறுபடி 30 ஆகிவிடும், ஆகவே ஆளுக்கு மூன்று என்பதை ஏதாவது ஒரு குழு கண்டுபிடித்துவிடும். எட்டுச் சுற்றில் ஆளுக்கு 24, குழுவுக்கு 120 மீன். முதல் சுற்றிலேயே வழித்த குழுவுக்குக் கிடைத்தது மொத்தம் 30. இந்த இரண்டு எண்களையும் நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு கணக்குத் தாள்களையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஒப்பந்தம் போட்ட பிறகும் யாராவது ஒருவர் நான்காவது விரலை நீட்டுவார். அப்போது நடுவராகப் போய் உட்காராதீர்கள். சென்ற முறை ஒரு குழு, "முதல் தடவை வார்னிங், ரெண்டாவது தடவை ஒரு ரவுண்டு பட்டினி" என்று தானாகவே விதி வகுத்தது.

7. பேச்சு: இதைக் குறைக்காதீர்கள்

தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரையும் ஒரே வட்டமாக உட்காரவையுங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில் நடந்தது என்ன என்று மட்டும் கேளுங்கள், கணக்குப்பிள்ளைகள் சொல்லட்டும். பிறகு, விரலைக் காட்டும் முன் மனத்தில் என்ன ஓடியது என்று கேளுங்கள். மூன்றாவதாக, ஏன் அப்படி ஆயிற்று. நான்காவதாக, இதே போல வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள். கோட்பாட்டின் பெயர் இந்த நான்காம் கேள்விக்குப் பிறகுதான் வர வேண்டும். அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து பொதுக் கருத்தைப் பிரித்தெடுத்தல், அந்தக் கருத்தை வேறிடத்தில் பொருத்திப் பார்த்தல் என்று கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் வரைந்து காட்டிய சுழற்சியும் ஏறக்குறைய இதே வரிசைதான். பெயர் தெரியாமலே நம் ஊர் மெக்கானிக் கடைகளில் பையன்கள் தொழில் கற்பதும் இப்படித்தான்.

இங்கே உள்ள பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டதும் வரும் மௌனத்தை நம்மால் தாங்க முடியாது. பத்து நொடிக்குள் நாமே விடையைச் சொல்லிவிடுவோம். மனத்துக்குள் இருபது எண்ணுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "புரிந்தது மிஸ்" என்று ஒரே குரலில் வரும், அத்தோடு பேச்சு செத்துவிடும். பத்து விரல் விரித்த பையனைப் பேராசைக்காரன் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அவன் பேராசையால் விரிக்கவில்லை, மற்றவர்கள் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தால் விரித்தான். கோட்பாட்டின் உயிர்நாடியே அந்தப் பயம்தான். அவனைக் குற்றவாளியாக்கினால் அவனும் வாயை மூடிக்கொள்வான், பாடமும் நீதிபோதனையாகிவிடும்.

நான்காம் கேள்விக்கு எங்கள் கூடத்தில் விடை காசிமேட்டிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் காலம் அது. தடை முடிந்து படகுகள் கிளம்பும் அந்த வாரத்தில்தான் நாங்கள் இந்த ஆட்டத்தை நடத்துகிறோம். தட்டில் மிஞ்சியது இரட்டிப்பானதையும் தடைக்காலத்தையும் பிள்ளைகளே சேர்த்துவிட்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்போது பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். "மிஸ், எவ்ளோ புடிக்கணும்னு வலைய இழுக்கறவன் முடிவு பண்றதில்ல. டீசல் போட்டவந்தான் முடிவு பண்ணுவான். இந்த ஆட்டத்துல ஓனர் எங்க?" என்றான்.

நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வாக்கியத்தில் அதற்கு விடை இல்லை. அடுத்த பத்து நிமிடம் அவன்தான் வகுப்பெடுத்தான்: படகுக்கு ஆகும் டீசல், ஐஸ், ஏலத்தில் போகும் விலை, அதில் கூலியாளுக்கு வரும் பங்கு. வெறுங்கையோடு கரை திரும்பினால் கடன் ஏறும் என்பதால் கூடுதலாகப் பிடித்தே ஆக வேண்டிய நிலை எப்படி உண்டாகிறது என்பதை அவன் சொன்ன பிறகுதான், 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய பொதுவளங்களின் அழிவு பற்றிய வாதத்தையும், ஊரார் தாமே விதி வகுத்து, கண்காணித்து, தவறுக்குத் தக்கபடி சிறிதிலிருந்து பெரிதாகத் தண்டனை வைத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமையும் அறிமுகப்படுத்தினேன். "ரெண்டாவது தடவை பட்டினி"யை வகுத்த குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த ஆண்டு முதல் அந்தப் பையன் சொன்னபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் டீசலுக்காக ஒரு மீனைக் கழிக்கும் விதியோடு மூன்றாம் ஆட்டம் ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்.

8. அறிவியலுக்குக் கேரம் பலகை

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான இயக்க விதிகளுக்குப் பலூனை விட்டுவிட்டு இப்போது கேரம் பலகையைப் பயன்படுத்துகிறோம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 முதல் 5.5 கிராம். நின்றிருக்கும் காயை ஒரு காய் நேராக அடித்தால் அடித்தது ஏறக்குறைய நின்றுவிடும், அடிபட்டது போகும். ஸ்ட்ரைக்கரால் அடித்தால் காய் வேகமாகப் போவதோடு ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே போகும். ஏன் என்று குழுக்கள் வாதிடட்டும். காய்களை அடுக்கி அடியில் உள்ளதை மட்டும் அடித்துத் தள்ளினால் நிலைமம். போரிக் பவுடரைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தால் உராய்வு.

ஒரே எச்சரிக்கை: நான்கு குழிகளையும் துணியால் அடைத்துவிடுங்கள். வடசென்னையில் கேரம் பலகையை விரித்துவிட்டு, காயைக் குழியில் போடாதே என்று வாயால் சொல்லிப் பயனில்லை.

9. எழுத்தில் இறக்குதல்

பேச்சு முடிந்த சூட்டிலேயே கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். முதலில் தன் சொற்களில் இரண்டு மூன்று வாக்கியங்கள். அதன் கீழே பாடநூலின் வரையறை. அதன் கீழே, இரண்டுக்கும் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஒரு வரி. இந்த மூன்றாவது வரியைப் படித்தால் யாருக்குப் புரிந்திருக்கிறது என்று உங்களுக்கு உடனே தெரியும். பலூன் வகுப்பில் நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். ஏழு நாள் கழித்து, விளையாட்டைக் குறிப்பிடாமல், தேர்வில் வருவது போன்ற ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றைக் கொடுங்கள். பத்துப் பேருக்கு மேல் தடுமாறினால் விளையாட்டைத் திரும்ப நடத்த வேண்டாம். அதே கணக்குத் தாள்களை மீண்டும் சுவரில் ஒட்டி, பேச்சை மட்டும் திரும்ப நடத்துங்கள்.

10. கூடத்தைப் பூட்டும் முன்

பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையும் கிளம்பிய நேரத்தையும் யாரோடு போனார் என்பதையும் எழுதுங்கள். கடைசிப் பிள்ளை போகும் வரை இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். தட்டுகளின் அடியில் உள்ள பெயர்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். புளியங்கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். ஐந்து குழுவுக்கு 175 கொடுத்தால் 150-க்கு மேல் திரும்பி வந்ததில்லை. பல்லாங்குழிக்கோ தாய ஆட்டத்துக்கோ யார் கொண்டுபோகிறார்கள் என்று விசாரிக்காமல், அடுத்த வாரத்துக்கு ஒரு பை கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.